ஐந்தாவது போர்ஷன்

எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகும் அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டே கால். வெளியே பட்டப்பகல், ஆனால் ஜன்னலே இல்லாத அந்த நான்காம் மாடி அறையில் பகலும் கிடையாது, இரவும் கிடையாது, குழல் விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். காலை ஏழு மணியிலிருந்து அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, பழைய சர்வரைத் தடுத்து உருவாக்கியிருந்த எட்டு பார்ட்டிஷன்களில் ஓடிக்கொண்டிருந்த ஏழையும் ஓட்டம் நிற்காமலே புது இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார். எட்டில் மிச்சம் ஐந்தாம் எண் ஒன்றுதான். அது பதினோரு மாதமாக அணைந்து கிடக்கிறது. ஆக, பழைய இயந்திரம் இப்போது காலி. ஆளில்லாத வீட்டில் மின்மீட்டர் ஓடக் கூடாது. ஆனால் கன்சோல் திரையின் கீழ் வரியில், பயன்பாட்டில் உள்ள ப்ராசஸர் என்ற இடத்தில், 0.1 என்று நின்றது.

திரையைப் புதுப்பித்தார். 0.1. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தார். 0.1.

பெரிய எண் ஒன்றுமில்லை. வேறு யாராவது என்றால் கண்டுகொள்ளாமல் கடையைக் கட்டியிருப்பார்கள். ஒரு ப்ராசஸரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு பார்ட்டிஷன் உயிரோடு இருப்பதற்கு இந்த இயந்திரம் கொடுக்கும் ஆகக் குறைந்த அளவு. அதற்கும் கீழே கொடுக்க முடியாது. எந்த பார்ட்டிஷன் அதை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். எட்டு வரிகளில் ஏழு மறைந்துவிட்டிருந்தன. ஐந்தாம் வரி இருந்தது. நிலை: அணைந்துள்ளது. பயன்பாடு: 0.1.

அணைந்திருப்பது எதைப் பயன்படுத்தும்?

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உள் அறையில் அந்த இயந்திரம் நின்றது. ஆளுயர இரும்பு அலமாரி மாதிரி, கறுப்பாக, ஒரே சீராக முனகிக்கொண்டு. வேலை இல்லாத இயந்திரத்தின் மின்விசிறிகள் தணிந்த குரலில் பேசும் என்பது இருபது வருடம் அதோடு குப்பை கொட்டியவருக்குத் தெரியும். இன்று அவை தணிந்துதான் இருந்தன. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல, அந்த முனகல் ஒரு கணம் ஏறி இறங்கியது.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி கேட்டிருந்தாள், அப்படி என்னதான் வேலை உங்களுக்கு என்று. அப்போது அவர் சொன்ன விளக்கம் வீட்டில் பிற்பாடு ஒரு கேலிக் கதையாகவே ஆகிவிட்டது.

"ஒரு பெரிய வீடுன்னு வெச்சுக்கோ. அதை எட்டு போர்ஷனா தடுத்து வாடகைக்கு விட்டிருக்கோம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் எவ்வளவு தண்ணி, எவ்வளவு கரண்ட்டுன்னு நான்தான் பிரிச்சு விடணும். இதுல வேடிக்கை என்னன்னா, குடியிருக்கிற ஒவ்வொருத்தனும் இந்த முழு வீடும் தன்னோடதுன்னு நினைச்சுக்கிட்டிருப்பான். பக்கத்து போர்ஷன்ல இடி விழுந்தாக்கூட அவனுக்குக் கேக்காது."

"அப்ப பக்கத்துல ஒருத்தன் கத்தினாலும் தெரியாதா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியாது."

"என்ன வீடுங்க இது," என்றாள்.

உடனிருந்த அவள் தம்பிதான் சிரித்தான். "அக்கா, அதுல மாமாதான் ஹவுஸ் ஓனர். மோட்டார் சுவிட்ச் அவர் கையிலதான். அவரைப் பகைச்சுக்காதே." அன்றிலிருந்து அவன் அவரை மாமா என்று கூப்பிட்டது பாதி, ஹவுஸ் ஓனர் என்று கூப்பிட்டது பாதி. அவனுக்கு இதே அலுவலகத்தில் வேறு பெயர், டார்ச். எத்தனை வெளிச்சமான அறையிலும் சட்டைப்பையில் இரும்பு டார்ச் ஒன்று வைத்திருப்பான். இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் வேலை அவனுக்கு. அலமாரிகளின் பின்பக்கத்து இருட்டு அவனுக்குத்தான் தெரியும் என்பான். வீட்டில் அழைப்பு மணி இருந்தாலும் அதை அழுத்த மாட்டான். டார்ச்சின் அடிப்பக்கத்தால் கதவைத் தட்டுவான். ஒரு தட்டு, சின்ன இடைவெளி, சேர்ந்தாற்போல் இரண்டு. டக். டக்டக். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் அக்காதான். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

இப்போதும் எழுந்து ஓடுகிறாள். எங்கேயாவது ஒரு கதவு அடித்துக்கொண்டாலும் போதும். அலுவலகம் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்த அந்த டார்ச்சை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதன் அடிப்பக்கம் நசுங்கியிருக்கிறது. மாதம் பிறந்தால் அதற்குப் புது பேட்டரி போடுகிறாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்.

ஏன் நசுங்கியது என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், அன்றும் ஞாயிறுதான். இந்தக் கட்டடத்தின் கதவுப் பூட்டுகளை எல்லாம் கட்டுப்படுத்திய மென்பொருள் அப்போது ஐந்தாம் பார்ட்டிஷனில் இருந்தது. பூட்டுகளோடு பேசுவதற்கு அதற்கு ஓர் அடாப்டர் தேவைப்பட்டது. அந்த ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்பே அவர் அதைக் கொடுத்திருந்தார், பார்ட்டிஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அப்படிக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கொடுத்த கையோடு ப்ரொஃபைலில் எழுதிவைக்க வேண்டும். பார்ட்டிஷன் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் ப்ரொஃபைலைப் பார்த்துத்தான் தனக்கு என்னென்ன உண்டு என்று தெரிந்துகொள்ளும். எழுதாவிட்டால் பழைய ஆளாகவே எழும். எழுதுவதும் பெரிய வித்தை இல்லை. 'நடப்பு அமைப்பைச் சேமி' என்று ஒரு பொத்தான். ஒரே அழுத்து. யாரோ போனில் கூப்பிட்டார்கள், நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். அந்த நாளை வரவேயில்லை.

அந்த ஞாயிறு, டார்ச் உள் அறையில் பழுதான பவர் யூனிட் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர் வீட்டில் லேப்டாப்பில். ஐந்தாவது திணறுகிறது என்று பார்த்து, அதை அணைத்து எழுப்பினார். அது அடாப்டர் இல்லாமல் எழுந்தது. கட்டளையிட ஆளில்லாத பூட்டுகள் இறுகிக்கொண்டன. கதவுக்குப் பக்கத்து அவசரப் பொத்தானையும் பூட்டுகளை மாட்டிய ஒப்பந்தக்காரன் அதே கம்பியில்தான் இணைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து பவர் யூனிட் புகைந்தது. புகையைக் கண்ட தீயணைப்புக் கருவி, தன் வேலையைச் சரியாகச் செய்து, அறை முழுக்க வாயுவைத் திறந்துவிட்டது. அது விஷவாயு இல்லை. அறையில் இருக்கும் காற்றை வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

உள் அறைச் சுவரில் இருந்த தொலைபேசியிலிருந்து கூப்பிட்டான். முதலில் சிரித்துக்கொண்டுதான். "என்ன ஹவுஸ் ஓனர், உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா?"

அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது. அடாப்டரை ஓட்டத்திலேயே திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். புதிதாக எழுந்த பார்ட்டிஷன் கன்சோலோடு பேச்சுவார்த்தைக்கு வரச் சில நிமிடம் ஆகும். அதுவரை எதைக் கொடுத்தாலும் வாங்காது. 'பார்ட்டிஷனுடன் தொடர்பு இல்லை' என்றது திரை. மறுபடியும் அழுத்தினார். தொடர்பு இல்லை. மறுபடியும். காவலாளி வெளியிலிருந்து நாற்காலியால் கண்ணாடியை அடித்த சத்தமும், உள்ளேயிருந்து அவன் டார்ச்சால் அடித்த சத்தமும் போனில் கேட்டன. நான்காவது நிமிடத்தில் உள்ளே அடித்தது நின்றது. பதினோராவது நிமிடத்தில் அடாப்டர் ஏறியது. கதவு திறந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய பாவம். மனைவியைக் கூப்பிடும் முன்னால், செருப்பை மாட்டும் முன்னால், 'நடப்பு அமைப்பைச் சேமி'யை அழுத்தினார். அந்த அடாப்டர் என்றைக்கும் ப்ரொஃபைலில் இருந்தது போல் ஆகிவிட்டது. விசாரணையில் பழி முழுக்க ஒப்பந்தக்காரன் தலையில் விழுந்தது. கதவுகளை வேறொரு சின்னப் பெட்டிக்கு மாற்றினார்கள். ஐந்தாவதை அணைத்துப் போட்டார்கள்.

"கடைசியா என்ன சொன்னான்?" என்று மனைவி கேட்டபோது, "சாப்பிட வரேன்னான்" என்றார். உண்மையில் அவன் சொன்னது அது இல்லை.

இப்போது அவர் ஐந்தாம் வரியைத் தேர்ந்து 'நீக்கு' என்று கொடுத்தார். மாட்டேன் என்றது திரை. 'பார்ட்டிஷன் பயன்பாட்டில் உள்ளது.' மறுபடியும் கொடுத்தார். பயன்பாட்டில் உள்ளது. அதன் கன்சோல் ஜன்னலைத் திறந்தார். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மினுக்கியது. ஒரு மினுக்கல். இடைவெளி. இரண்டு மினுக்கல்.

ஜன்னலை மூடிவிட்டார்.

செல்பேசி அடித்தது. தூக்கிவாரிப்போட்டது. மனைவிதான்.

"முடிஞ்சுதாங்க?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"நாளைக்குக் காலையில அதைத் தூக்கிட்டுப் போக ஆள் வந்துடுவாங்கல்ல?"

"வந்துடுவாங்க."

"அணைச்ச உடனே எனக்கு ஒரு போன் பண்ணுங்க." அவள் குரல் அடங்கியிருந்தது. "அது அங்க நின்னு ஓடிக்கிட்டிருக்குன்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரலைங்க. இன்னிக்காவது தூங்கணும்."

"பண்றேன்மா," என்றார். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைப்பார். இந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் சொல்ல வேண்டிய அவசியமும் அதோடு போய்விடும் என்று ஒரு சின்ன ஆசை அவருக்குள் இருந்தது. அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

முறையாக அணையாமல் சிக்கிக்கொண்ட பார்ட்டிஷனுக்கு வழி ஒன்றுதான். ஒருமுறை எழுப்ப வேண்டும். எழுந்ததும் ஒழுங்காக அணைக்க வேண்டும். பிறகு நீக்கலாம். எத்தனையோ முறை செய்திருக்கிறார். இன்று அந்தப் பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

அழுத்தினார்.

குறியீட்டு எண்கள் ஓடின. உள் அறையில் மின்விசிறிகளின் முனகல் மெல்ல எழும்பி, தணிந்து, ஒரு நிலைக்கு வந்தது. கருகிய பிளாஸ்டிக் வாசனை. முதலில் தன் மூக்கின் பிரமை என்றுதான் நினைத்தார். உள் அறை விளக்குகள், ஆள் நடந்தால் மட்டும் எரிகிற விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. கோடியில் ஒன்று. நடுவில் ஒன்று. கதவுக்கு மேலே ஒன்று.

உள்ளே யாரும் இல்லை.

செல்பேசி அடித்தது. திரையில் பெயர்: உள் அறை.

அந்தத் தொலைபேசியை விபத்துக்கு மறுவாரமே கழற்றிவிட்டார்கள். அது மாட்டியிருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் இருப்பது இங்கிருந்தே கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டே செல்பேசியைக் காதில் வைத்தார்.

"என்ன ஹவுஸ் ஓனர், உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா?"

அதே சிரிப்பு. சிரிப்பின் கடைசியில் வரும் அதே சின்ன இருமல்.

"டேய்..." என்றார்.

"மாமா, கேக்குதா? கதவு திறக்கல. ஏதோ புகையற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

"டேய், நான் இங்கதான்டா இருக்கேன். இங்க, வெளியில. பாரு!"

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

கேட்கவில்லை அவனுக்கு.

டக். டக்டக்.

கண்ணாடிக் கதவில்.

ஓடினார். இடுப்பில் தொங்கிய அட்டையைக் காட்டினார். பச்சை விளக்கு. கதவைப் பிடித்து இழுத்தார், திறந்தது, சுவரோரம் வரை திறந்தது, குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. யாரும் இல்லை. அலமாரி. கம்பிகள். வெறும் தரை.

டக். டக்டக்.

திறந்த கதவில். அவர் கையில் பிடித்திருந்த கதவில். கைப்பிடி வழியாக அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறியது.

"திறந்துதான்டா இருக்கு! வாடா! வெளியில வாடா!"

டக்டக். டக்டக்டக். ஒழுங்கு குலைந்தது. வேகமாக. பிறகு மெதுவாக. கண்ணாடியில், அவர் நெஞ்சு உயரத்தில், மூச்சுப்பட்ட மாதிரி ஒரு வெண்மை படர்ந்து சுருங்கியது. மறுபடி படர்ந்தது. சின்னதாக. மறுபடி. இன்னும் சின்னதாக.

காதில் அவன் குரல், ரொம்பத் தூரத்திலிருந்து. "மாமா... அக்காகிட்ட சொல்லாதீங்க. பயப்படுவா."

ஒரே ஒரு டக்.

அவ்வளவுதான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கன்சோலுக்குத் திரும்பி வந்தபோது ஐந்தாம் வரியில் நிலை மாறியிருந்தது. அணைந்துள்ளது. பயன்பாடு 0.1.

அன்றைக்கு அவர் சேமித்தது அடாப்டரை மட்டும் இல்லை. நடப்பு அமைப்பைச் சேமி என்றார். ஐந்தாவது எழுந்ததிலிருந்து அந்த நொடி வரை அந்த அறையில் என்னென்ன நடப்பில் இருந்ததோ அத்தனையையும் அது எழுதி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது தன் ப்ரொஃபைலைப் பார்த்து எழும். நேற்று என்பதே தெரியாமல், சிரித்துக்கொண்டு எழும்.

தரையில் உட்கார்ந்து அழுதார். பதினோரு மாதத்தில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்ததும் எழுந்துபோய்ப் பின்பக்கத்துப் பெரிய சுவிட்சை இழுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அவனை இரண்டாம் முறை அவளுக்குத் தெரியாமல் கொல்ல அவருக்கு மனசு வரவில்லை. செல்பேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"அணைச்சாச்சா?" என்றாள்.

"அணைக்கலை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அடாப்டரைச் சொன்னார். அழுத்தாத பொத்தானைச் சொன்னார். பிறகு அழுத்திய பொத்தானைச் சொன்னார். இந்த மதியம் நடந்ததையும் சொல்லி முடித்தார்.

"சாப்பிட வரேன்னு அவன் சொல்லலையா?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"நான் வர்ற வரைக்கும் அணைக்காதீங்க."

நாற்பது நிமிடத்தில் வந்தாள். வீட்டுச் சேலையோடு, தலைகூட வாராமல். கையில் அந்த டார்ச். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "போடுங்க" என்றாள்.

எண்கள் ஓடின. கருகல் வாசனை. விளக்கு, விளக்கு, விளக்கு. செல்பேசியை ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்ன ஹவுஸ் ஓனர், உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். டக். டக்டக். அந்தச் சத்தம் எழுந்த இடத்தில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு, "வந்துட்டேன்டா, அக்கா வந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டார்ச்சால் அவளும் தட்டினாள். ஒன்று, பிறகு இரண்டு. பதில் வரவில்லை. "மாமா? லைன்ல இருக்கீங்களா?" என்றுதான் அவன் கேட்டான். பக்கத்து போர்ஷனில் இடி விழுந்தாலும் கேட்காது. மூச்சின் வெண்மை சுருங்கச் சுருங்க, அவள் அதைத் தன் கையால் மூடி மூடிப் பார்த்தாள்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க. பயப்படுவா."

டக்.

விளக்குகள் அணைந்தன. அவள் அப்படியே நின்றாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

"வேண்டாம்மா. ஒவ்வொரு தடவையும் அவன்... அவனுக்குப் புதுசா வலிக்குது. அணைச்சிடலாம்."

அவள் முதல்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பதினோரு மாசம் நீங்க மட்டும் வெச்சுக்கிட்டீங்க. இப்ப எனக்குக் கொடுங்க."

போட்டார். மறுபடி போட்டார். ஒவ்வொரு முறையும் அவன் சிரித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு முறையும் அக்கா பயப்படுவாள் என்றான். ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, அவள் கண்ணாடியை விட்டு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் விரல் எங்கே போகிறது என்று கவனமாகப் பார்த்தாள்.

"எழுந்திருங்க," என்றாள். "எனக்குத் தெரியும் இப்ப."

எழுந்தார். அவள் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க உள்ள போய் நில்லுங்க," என்றாள். கோபமே இல்லை குரலில். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் தம்பிக்குத் துணை போகச் சொல்வது போலத்தான் சொன்னாள். "அவன் அங்க தனியா இருக்க வேண்டாம்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினோரு மாதமாக அவர் காத்திருந்ததே இதற்குத்தானோ என்று அவருக்குத் தோன்றியது. அட்டையைக் காட்டினார். பச்சை. உள்ளே போனார். கதவு தானாகவே பின்னால் வந்து, ஒரு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அப்பால் திரை வெளிச்சத்தில் அவள் முகம். விரல் இறங்கியது.

மின்விசிறிகள்.

கருகல்.

விளக்கு எரிந்தது. கோடியில். நடுவில். அவர் தலைக்கு மேலே.

குளிர். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு கனம். மூச்சை இழுத்தார். வந்தது பாதிதான்.

அட்டையைக் கதவில் வைத்தார். சிவப்பு. ஐந்தாவதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத புதுப் பூட்டு அது. மறுபடி வைத்தார். சிவப்பு.

காதுக்குப் பக்கத்தில், சட்டைக் காலரில் மூச்சுப் படுகிற தூரத்தில், யாரோ சிரித்தார்கள்.

"என்ன ஹவுஸ் ஓனர், உங்களையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா?"

கண்ணாடியை அடித்தார். கையால். ஒன்று. பிறகு இரண்டு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து ஓடிவந்தாள், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிற அதே பழைய ஓட்டம். டார்ச் தரையில் உருண்டது. அவள் முகத்தில் அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்திருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் இரண்டு மூச்சு படிந்திருந்தது, பக்கத்துப் பக்கத்தில், படர்ந்தும் சுருங்கியும். அவள் வெளியிலிருந்து உள்ளங்கையை விரித்து ஒன்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அது அவருடையது இல்லை.